பாதி பெட்டை, பாதி சேவல்

அடைக்கு வைத்த முட்டைகளில் பொரிப்பவை ஏறத்தாழப் பாதி பெட்டை, பாதி சேவல். மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தந்தையால் முடிவாகிறது. கோழியினத்தில் அது தாய்க்கோழியால் முடிவாகிறது. முட்டைக்கு ஓடு கட்டும் முன்பே முடிந்துவிடும் காரியம் அது. அடைச்சூடு அதை மாற்றாது. நீள முட்டை சேவலாகும், உருண்டை முட்டை பெட்டையாகும் என்ற கணிப்பும் பலிப்பதில்லை. ஆகவே 10 குஞ்சு பொரித்த வீட்டில் 5 சேவல் இருக்கும் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். பெட்டைகள் முட்டையிடும், சேவல்களை என்ன செய்வது? வீட்டுக் கோழி வளர்ப்பில் கடினமான கேள்வி இதுதான். முட்டையைப் பொறுக்கி எடுக்கும் நாளிலேயே இதற்கு விடை தேடிவிடுவது நல்லது.

பதுளை மாவட்டத் தோட்டங்களில் இடநெருக்கடியும் இந்தக் கேள்வியோடு சேர்ந்துகொள்கிறது. ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராக்களில் ஒரு வீட்டுக் கோழி அடுத்த வீட்டு வாசலில்தான் மேயும். இஸ்தோப்புக்கு முன்னால் ஒடுங்கிய வாசல், பின்னால் ஒரு துண்டு மரக்கறித் தோட்டம், அதற்கப்பால் தேயிலை மலை. இவ்வளவுதான் கோழிக்குக் கிடைக்கும் நிலம்.

காலநிலையும் இடத்துக்கு இடம் மாறும். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றரையும் அப்புத்தளை 1,400 மீற்றரையும் தாண்டியவை. டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை குளிரையும் ஈரத்தையும் கொண்டுவரும். சிறு குஞ்சுகள் அதைத் தாங்குவது கடினம். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு மணம் சேர்க்கும் வறண்ட காற்று, முட்டையின் ஈரத்தையும் உறிஞ்சும். மழை ஓய்ந்த பெப்ரவரி, மார்ச் மாதங்களே அடைவைக்க வாய்ப்பான காலம்.

முட்டையும் அடைக்கோழியும்

இட்டு ஒரு வாரத்துக்கு மேற்படாத, நடுத்தர அளவான, கீறல் இல்லாத முட்டையே அடைக்கு ஏற்றது. அதைக் கழுவக்கூடாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சுத்தான் கிருமிகளை உள்ளே விடாமல் தடுக்கிறது. முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி குளிர்ந்த மூலையில் வைத்தால் போதும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம்.

கூட்டை விட்டு நகராமல், கை வைத்தால் உடலை உப்பி உறுமும் கோழி அடைக்குத் தயாராகிவிட்டது. பழைய கொழுந்துக் கூடையில் காய்ந்த மானாப்புல்லைப் பரப்பினால் நல்ல அடைக்கூடு கிடைக்கும். அடியில் சிறிது விறகுச் சாம்பல் தூவினால் பேன் குறையும். இருட்டிய பிறகு கோழியை அதில் மாற்றினால் மிரளாது. சாதாரண நாட்டுக்கோழியின் இறக்கைக்குள் 10 முதல் 12 முட்டைகள் அடங்கும். வேறு கோழிகள் அதே கூட்டில் வந்து இடுவதுண்டு. அடைமுட்டைகளில் பென்சிலால் கோடு போட்டிருந்தால் புது முட்டையை அன்றன்றே எடுத்துவிடலாம்.

முட்டை பொரிக்க 21 நாள் ஆகும். இந்த நாட்களில் தாய்க்கோழி முட்டைகளுக்குச் சுமார் 37.5 பாகை செல்சியஸ் சூடு கொடுத்து, நாளுக்குப் பலமுறை அவற்றைப் புரட்டுகிறது. ஒருமுறை இறங்கி, தின்று, தண்ணீர் குடித்து, மண்குளித்துவிட்டு 20 நிமிடத்தில் திரும்பிவிடும். பெரட்டுக்குப் போகும் முன் அந்த நேரத்தை ஒதுக்கி, கோழி திரும்ப ஏறியதைப் பார்த்துக் கூட்டை மூடிவிட்டால் பகல் முழுதும் கவலையில்லை.

ஏழாம் இரவில் முட்டையைப் பரிசோதிக்கலாம். இருட்டில் டோர்ச் வெளிச்சத்தை முட்டையின் அகன்ற முனையில் அழுத்திப் பிடித்தால், கருவுள்ள முட்டையில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்தி வலைபோல் விரியும் சிவப்பு நரம்புகளும் தெரியும். உற்றுப் பார்த்தால் அந்தப் புள்ளி அசைவதும் தெரியும். கருவில்லாதது ஒரே மஞ்சள் ஒளியாக நிற்கும். கரு செத்ததில் இரத்த வளையம் தெரியும். இவ்விரண்டையும் அகற்றாவிட்டால் கூழ்முட்டையாகி வெடித்து மற்றவற்றையும் கெடுக்கும்.

18ஆம் நாளுக்குப் பிறகு கூட்டைத் தொடக்கூடாது. குஞ்சு முதலில் முட்டைக்குள் இருக்கும் காற்றறையைக் குத்தி மூச்சு விடும், பிறகே ஓட்டை உடைக்கும். முதல் விரிசலிலிருந்து வெளிவர 12 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு இறக்கக்கூடும். பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சட்கரு மிஞ்சியிருப்பதால் இரண்டு நாள் வரை தீனி இல்லாமலே அது தாங்கும்.

குஞ்சைக் காப்பாற்றுவது

முதல் வாரம் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை வெப்பம் தேவை. தாய் இருந்தால் அவள் இறக்கையே போதும். தாயில்லாக் குஞ்சுகளை மின்குமிழ் தொங்கவிட்ட பெட்டியில் வைத்து, வாரத்துக்குச் சுமார் 3 பாகை வீதம் வெப்பத்தைக் குறைக்க வேண்டும். குமிழுக்குக் கீழே நெருக்கியடித்தால் குளிர்கிறது என்று பொருள். ஓரங்களுக்கு ஓடி வாய் பிளந்தால் சூடு அதிகம். மூடிய காம்பராவுக்குள் கரித்தணல் வைப்பது குஞ்சுக்கும் மனிதருக்கும் ஆபத்து.

பகலில் பருந்தும் கீரியும், இரவில் மரநாயும் குஞ்சுக்கு எதிரிகள். தேயிலைக்கு மருந்து அடித்த மலையில் கோழியை மேய விடக்கூடாது. இவை எல்லாவற்றையும் விடக் கொடியது வெள்ளைக்கழிச்சல். இந்தியாவின் ராணிக்கெட் ஊரின் பெயரால் அறியப்படும் இந்த நோய் ஒரு வீட்டில் நுழைந்தால் லயம் முழுவதும் பரவும். வந்தபின் மருந்தில்லை, தடுப்பூசிதான் வழி. அயல் வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்ளப் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடலாம்.

சேவல்களின் ஒழுங்கு

ஆறு முதல் எட்டு வாரத்தில் சேவற்குஞ்சின் கொண்டை சிவக்கத் தொடங்கும். மூன்று மாதத்தில் கழுத்திலும் முதுகிலும் நீண்ட கூர்மையான இறகுகள் தொங்கும். ஒரே அடையில் பொரித்தவை சின்ன வயதிலேயே மோதி, யார் பெரியவன் என்று தீர்த்துக்கொள்ளும். கொத்துவதில் கோழிகள் கடைப்பிடிக்கும் இந்த வரிசையை நோர்வே ஆய்வாளர் ஷெல்டெரூப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் விவரித்தார். விடியலில் முதலில் கூவுவது வரிசையில் முதல்வனான சேவலே; மற்றவை அதற்குப் பின்னால் அடங்கிக் கூவும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் காட்டினர்.

நல்ல சேவல் புழுவைக் கண்டால் தான் தின்னாது. அதைக் கொத்தித் தூக்கிக் கீழே போட்டு, குக்குக்கென்று பெட்டைகளை அழைக்கும். பருந்தின் நிழலுக்கு ஒரு குரல், தரையில் வரும் நாய்க்கு வேறொரு குரல் கொடுக்கும். இத்தகைய ஒன்று 8 முதல் 10 பெட்டைக்குப் போதும். அதிகமானால் பெட்டைகளின் முதுகு இறகு உதிரும், தோல் கிழியும், முட்டை குறையும். பிள்ளைகள் நடக்கும் ஒடுங்கிய வாசலில் ஆளைப் பாயும் சேவலை வைத்திருக்கக்கூடாது. அந்தக் குணம் அதன் குஞ்சுகளுக்கும் இறங்கலாம்.

மிஞ்சிய சேவல்களை உடனே விற்க முடியாத வீடுகளும் உண்டு. முனியாண்டிக்கோ மாடசாமிக்கோ நேர்ந்துவிட்ட சேவல் திருவிழா வரை நிற்க வேண்டும். அப்படியானவற்றைப் பெட்டைகளின் கண்ணில் படாத தனிக்கூட்டில் ஒன்றாக வைப்பது எளிய வழி. போட்டிக்குக் காரணம் இல்லாதபோது சண்டை குறையும். தீனியும் தண்ணீரும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். தோற்றது ஒளிந்துகொள்ள ஒரு பலகை மறைப்பும் வேண்டும். கால் முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கலாம். உள்ளே இரத்த ஓட்டம் இருப்பதால் ஆழ வெட்டக்கூடாது. வெளியிலிருந்து வரும் சேவலை இரண்டு வாரம் நோய்க்காகத் தனித்து வைத்து, பிறகு ஒரு வாரம் வலைக்கு அப்பால் பார்த்துப் பழக விட வேண்டும்.

விற்பதற்கும் கணக்கு உண்டு. மார்ச்சில் அடைவைத்தால் குஞ்சு ஏப்ரலில் வரும். ஒக்டோபரில் அந்தச் சேவல்களுக்கு ஆறு மாதம். தீபாவளிக்கு நாட்டுச்சேவல் தேடப்படும் வேளை அதுதான்.

இனச்சேவலை ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை வேறு டிவிசனிலிருந்து மாற்ற வேண்டும். தகப்பனும் மகளும் கூடிப் பிறக்கும் குஞ்சுகள் நலிந்தவையாகும். பழைய சேவல் போன பின்னும் அதன் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். ஆதலால் புதுச் சேவல் சேர்ந்து மூன்று வாரம் கழித்து எடுக்கும் முட்டைகளே அதன் வாரிசுகள். அடுத்த அடைக்கு அந்த முட்டைகளைத்தான் பொறுக்க வேண்டும்.