வட்டுக்கோட்டைச் செமினரிச் சமூகமும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலமையும்

முன்னுரை

தமிழ்ப் பதிப்பு வரலாறு பெரும்பாலும் தனிமனிதர் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சி.வை. தாமோதரம்பிள்ளை ஓரிடத்தும், ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை பிறிதோரிடத்தும் பேசப்படுகின்றனர். இவர்கள் ஒரே கல்விக்கூடத்தில் பயின்றவர்கள் என்னும் செய்தி வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக நின்றுவிடுகிறது. அவ்வரியை விரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்விக்கூடத்தின் இயல்பு

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். சமயப் பணிக்கு உள்ளூர் ஊழியரை உருவாக்குவதே அடிப்படை நோக்கம். எனினும் பாடத்திட்டம் அந்நோக்கத்தினும் அகன்றிருந்தது. ஆங்கிலம், கணிதம், வானியல், தருக்கம் ஆகியவற்றோடு தமிழும் சமஸ்கிருதமும் கற்பிக்கப்பட்டன.

கற்றல் ஒருவழிப் பாதையாக அமையவில்லை. பூவருக்குப் பின் அதிபரான ஹொய்சிங்டன், தத்துவக் கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவை 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழக இதழில் வெளிவந்தன. உள்ளூர்ப் புலமையின் துணையின்றி இப்பணி நிகழ்ந்திருக்க இயலாது. அத்துணை புரிந்தோர் பெயர்கள் நூலட்டைக்கு வராமற்போனது அக்கால வழக்கமே.

பெயர் பற்றியும் ஒன்று கூறவேண்டும். மாணவர்க்குப் பொருளுதவி செய்த அமெரிக்கர் விரும்பிய பெயர்கள் மாணவர்க்குச் சூட்டப்பட்டன. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை முதலான இரட்டைப் பெயர்கள் இவ்வாறு தோன்றியவை. தாமோதரம்பிள்ளையின் முன்னெழுத்துகளோ சிறுப்பிட்டி என்னும் ஊரையும் வைரவநாதர் என்னும் தந்தையையும் குறிப்பன. தாம் எப்பெயரால் அறியப்படவேண்டும் என்பதைப் பிற்காலத்தில் அவரே தேர்ந்துகொண்டமை கருதத்தக்கது.

மாணவரும் ஆசிரியரும் ஆக்கிய நூல்கள்

1841 சனவரியில் தொடங்கிய 'உதயதாரகை' இதழின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் செமினரி மாணவர்களே. 1850இல் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் 'நியாய இலக்கணம்', 1855இல் கரோல் விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' ஆகியன வந்தன. வகுப்பறைத் தேவையே இந்நூல்களைத் தோற்றுவித்தது. கலைச்சொல்லாக்க வரலாற்றை இருபதாம் நூற்றாண்டிலிருந்து தொடங்குவோர் இவற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும், அதாவது தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும், இச்செமினரியில் பயின்றவர்களே. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். எட்டுத்தொகையுள் முதலில் அச்சேறிய தொகை கலித்தொகையே. இப்பணி முழுவதையும் செமினரிக் கல்வியின் விளைவெனக் கொள்வது மிகையாகும். அவர் தந்தையிடமும் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடமும் மரபுவழித் தமிழ் கற்றவர். மரபுக் கல்வி ஏட்டைப் படிக்கும் ஆற்றலை அளித்தது. செமினரியும் அதன்வழிக் கிட்டிய அச்சு, இதழியல் பழக்கமும் ஏட்டை நூலாக்கும் துணிவை அளித்தன எனலாம். கிறித்தவச் சூழலில் வளர்ந்த அவர் பின்னர்ச் சைவரானார். நிறுவியோர் எதிர்பார்த்த பயன் வேறு. விளைந்த பயன் வேறு.

எல்லைகளும் தொடர்ச்சியும்

இச்சமூகம் அனைவர்க்கும் திறந்திருந்தது எனக் கூற இயலாது. மாணவருள் பெரும்பாலோர் வேளாளர். பெண்கள் இடம்பெறவில்லை, அவர்களுக்கென உடுவிலில் 1824இல் தனிப்பள்ளி அமைந்தது. தமிழாய்வு இன்றும் போற்றும் இப்புலமை மரபின் சாதி, பாலின வரையறை அதன் தொடக்கத்திலேயே இடப்பட்டது.

1855இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி மாணவரைச் சமயப் பணியினின்று அரசாங்க உத்தியோகத்திற்கு ஈர்க்கிறது என்பதே அமெரிக்கத் தலைமையின் குறையாக இருந்தது. முன்னாள் மாணவரும் உள்ளூர்க் கிறித்தவரும் உயர்கல்விக்காக விடாது வேண்டியதன் பயனாக, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் தோன்றியது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை அங்குத் தமிழ் கற்பித்தார். நானூற்றுப் பத்துப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்த அவரது 'பாவலர் சரித்திர தீபகம்' 1886இல் வெளிவந்தது.