வீட்டிற்கு ஒன்று, கைக்கு ஒன்று வேண்டுமா?

ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889-இல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம் நின்டெண்டோ. தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் 'ஃபேமிகாம்' கருவியை 1983-லும், கையடக்கமான 'கேம்பாய்' கருவியை 1989-லும் அது வெளியிட்டது. ஒன்றின் விளையாட்டு மற்றொன்றில் ஓடாது. ஆகவே நிறுவனத்தின் உழைப்பு இரண்டாகப் பிரிந்தது. பெற்றோருக்கோ இரட்டைச் செலவு!

2012-இல் வந்த 'வீ யூ' என்னும் வீட்டுக் கருவி ஏறத்தாழ 1.35 கோடியே விற்றது. வீட்டிலும் வெளியிலும் ஆடத்தக்க 'ஸ்விட்ச்' 2017-இல் வந்து, 15 கோடியைத் தாண்டியது.

ஆயினும் சிறியது விலை குறைவு, சிறுவர் கைக்கும் ஏற்றது அன்றோ? அதனால்தான் 2019-இல், அதே விளையாட்டுகளைக் கையில் வைத்து மட்டும் ஆடும் 'ஸ்விட்ச் லைட்' வந்தது. கருவிகள் இரண்டாகலாம், விளையாட்டுகள் பொதுவாக இருக்கட்டும் என்பதே நம் முடிவு. அப்போதுதான் அக்காள் வாங்கியதைத் தங்கையும் ஆடி மகிழலாம்.