பெருந்தரவுக் கல்வியும் சான்றிதழ்களும்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதி, கரமனை, வலியசாலை, கோட்டை ஆகிய பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருவதை அன்பர்கள் அறிவார்கள். வணிகம், ஆசிரியப் பணி, அரசுப் பணி என்றிருந்த நம் வீடுகளின் இளைய தலைமுறை கழக்கூட்டம் பக்கம் வேலைக்குப் போகத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 1990-இல் கேரள அரசு அங்கே நிறுவிய டெக்னோபார்க், இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா என்ற சிறப்புடையது. அப்பூங்காவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தரவுத்தளப் பணி பார்த்தவன் நான். அதனால் கல்யாண வீடானாலும் சங்கக் கூட்டமானாலும் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, பையன் பிக் டேட்டா படிக்கணும்ங்கான். சர்ட்டிபிகேட்டோட சேத்து எழுபதாயிரம் கேக்காங்க. கட்டலாமா?"

எழுபதாயிரம் என்பது பல வீடுகளில் நகையை அடகு வைத்துப் புரட்டுகிற தொகை. ஆகவே இதற்கு "ஆம்", "இல்லை" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது, அதில் எது நிலைக்கும், எது சில ஆண்டுகளில் காலாவதியாகும் என்பதைப் பெற்றோரும் ஓரளவு தெரிந்துகொண்டால் முடிவு எடுப்பது எளிது. அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

பெருந்தரவு என்பது யாது?

ஒரு கணினியில் அடக்கவோ, ஒரு கணினியால் உரிய நேரத்தில் கணக்கிட்டு முடிக்கவோ இயலாத அளவு தகவல் திரண்டு நிற்பதையே பெருந்தரவு என்கிறோம். வங்கிப் பரிவர்த்தனைகள், கைப்பேசி அழைப்புக் குறிப்புகள், ரயில் முன்பதிவுகள் எல்லாம் இதில் சேரும். கோடிக்கணக்கான மக்களின் விவரங்களைக் கையாளும் ஆதார் அமைப்பின் தொழில்நுட்பத்திலும் இத்தகைய மென்பொருள்கள் இடம்பெற்றன.

இதன் அடிப்படைக் கருத்து நமக்குப் புதிதன்று. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. அதில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். ஒருவரே உட்கார்ந்தால் ஆண்டுக்கணக்காகும். ஆறு காண்டங்களையும் ஆறு பேருக்குப் பிரித்துக் கொடுத்து, சொல்லுக்கு ஒரு சீட்டு எழுதச் சொல்லலாம். பிறகு சீட்டுகளை எழுத்துவாரியாகப் பிரித்து, அகர வரிசைச் சீட்டுகளை ஒருவரிடமும் ககர வரிசைச் சீட்டுகளை இன்னொருவரிடமும் கொடுத்துக் கூட்டச் சொல்லலாம். முதற்படி பிரித்து எழுதுவது, நடுப்படி இனம் சேர்ப்பது, கடைசிப்படி கூட்டுவது. கணினியுலகில் "மேப்ரெட்யூஸ்" என்று பெரிதாகப் பேசப்படும் முறை இவ்வளவுதான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பதிப்பித்தவரும், பின்னாளில் நம் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவருமான எஸ்.வையாபுரிப்பிள்ளையைப் போன்றோர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தியபோது, பணியைப் பலருக்குப் பகிர்வதும் பிறகு ஒன்று சேர்ப்பதும் எவ்வளவு கடினம் என்பதை நன்றாக உணர்ந்திருப்பார்கள்.

மஞ்சள் யானையின் கதை

கூகுள் நிறுவனம் 2003-இல் தன் கோப்பு முறையைப் பற்றியும், 2004-இல் மேப்ரெட்யூஸ் முறையைப் பற்றியும் ஆய்வுரைகள் வெளியிட்டது. மென்பொருளை வெளியிடவில்லை, கருத்தை மட்டும் வெளியிட்டது. அதைப் படித்த டக் கட்டிங், மைக் கஃபரெல்லா என்னும் இருவர், தாங்கள் உருவாக்கிவந்த ஒரு தேடுபொறிக்காக அதே முறையில் மென்பொருள் எழுதினார்கள். 2006-இல் அது தனித் திட்டமாயிற்று. கட்டிங்கின் மகன் வைத்திருந்த மஞ்சள் பொம்மை யானையின் பெயர் "ஹடூப்". அப்பெயரையே மென்பொருளுக்கும் வைத்துவிட்டார்.

ஹடூப் பெரிய கோப்பைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டு வழக்கமாக 128 மெகாபைட். தொடக்கத்தில் 64 மெகாபைட்டாக இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று படிகள் எடுத்து வெவ்வேறு கணினிகளில் வைக்கிறது. ஒரு கணினி படுத்துவிட்டாலும் மற்ற இரண்டு படிகள் இருக்குமல்லவா? அடுத்து, தரவைக் கணக்கிடும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாமல், தரவு இருக்கும் கணினிக்கே கணக்கை அனுப்புகிறது. சாலையிலுள்ள கிடங்கின் மூட்டைகளையெல்லாம் வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணுவதைவிட, கணக்குப்பிள்ளையைக் கிடங்குக்கு அனுப்புவது லாபம். அதே கணக்குதான் இங்கும்.

ஸ்பார்க்கின் வருகை

ஹடூப்பின் பழைய முறையில் ஒவ்வொரு படியின் விடையும் வட்டில் எழுதப்பட்டு மீண்டும் படிக்கப்படும். இதனால் நேரம் வீணாயிற்று. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாட்டேய் சஹாரியா 2009-இல் தொடங்கிய "ஸ்பார்க்" என்ற மென்பொருள், இடைப்பட்ட விடைகளை இயன்றவரை நினைவகத்திலேயே வைத்துக்கொண்டது. ஸ்பார்க்கின் வேகத்தை ஒரு போட்டியின் கணக்கு காட்டும். 2013-இல் ஹடூப் ஏறத்தாழ 100 டெராபைட் தரவை 2,100 கணினிகளைக் கொண்டு 72 நிமிடங்களில் வரிசைப்படுத்தியது. 2014-இல் ஸ்பார்க் 100 டெராபைட்டை 206 கணினிகளைக் கொண்டு 23 நிமிடங்களில் முடித்தது.

இன்று வேலைக்கான விளம்பரங்களில் ஹடூப்பைவிட ஸ்பார்க்கின் பெயரே மிகுதி. ஆனால் ஹடூப்பின் உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு ஸ்பார்க் எளிதில் வசப்படுகிறது. பிரித்தல், இனம் சேர்த்தல், கூட்டல் என்ற மூன்று படிகளும் அங்கேயும் அப்படியே இருக்கின்றன. மாறியது கருவிதான்.

தமிழில் ஒரு பயிற்சி

இந்த மென்பொருள்கள் இரண்டும் கட்டற்றவை. காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். ஸ்பார்க் ஒரே மடிக்கணினியிலும் ஓடும். பயிற்சிக்குத் தரவு வேண்டுமே என்று கேட்டால், நம் மொழியிலேயே இருக்கிறது. 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்துவரும் மதுரைத் திட்டத்தின் நூல்கள் உள்ளன. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா உள்ளது. இவை உண்மையில் பெருந்தரவு அல்ல, ஒரு மடிக்கணினியில் அடங்கிவிடும். ஆனால் கையாளும் முறை ஒன்றே.

என்னிடம் கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதற்பயிற்சி, ஒரு தமிழ் நூலின் சொற்களை ஸ்பார்க்கில் எண்ணுவது. பத்து வரி நிரலில் முடிந்துவிடும். ஆனால் அதற்குள் பல பாடங்கள் இருக்கின்றன. "வீட்டில், வீட்டுக்கு, வீட்டை" என்பவை மூன்று வேறு சொற்களாக எண்ணப்படும். "என்ன மாமா, வீடு மூணு தடவ வருது?" என்று கேட்கிற பிள்ளைக்கு, தரவைச் சீர்செய்வதே இத்தொழிலின் பெரும்பகுதி என்று அன்றே புரிந்துவிடும்.

இன்னொன்று. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் வேண்டும். "கோ" என்ற எழுத்து இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுவதால் ஆறு பைட். ஹடூப் 128 மெகாபைட்டில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் ஓர் எழுத்தே நடுவில் துண்டாகலாம். அப்படியிருந்தும் விடை பிழைப்பதில்லை, ஏன்? படிக்கும் நிரல் தன் துண்டு முடிந்தாலும் நடப்பு வரி முடியும்வரை அடுத்த துண்டுக்குள் சென்று படித்துவிடும். அடுத்த துண்டைப் படிப்பது, அந்த அரைகுறை வரியைத் தள்ளிவிட்டு அதற்கடுத்த வரியிலிருந்து தொடங்கும். நேர்முகத் தேர்வில் இதைச் சொல்லத் தெரிந்த பிள்ளையை எவரும் சாதாரணமாக எடைபோட மாட்டார்கள்.

சான்றிதழ்களின் ஆயுள்

இனிச் சான்றிதழுக்கு வருவோம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பயிற்சி நிலையம் படிப்பு முடிந்ததும் அச்சடித்துக் கொடுக்கும் தாள் வேறு. மென்பொருளை வழங்கும் நிறுவனம் தேர்வு வைத்துத் தரும் சான்றிதழ் வேறு. வேலை கொடுப்பவர்கள் மதிப்பது இரண்டாவதைத்தான். அதில் ஓர் எண் இருக்கும்; அதை இணையத்தில் சரிபார்க்கலாம். பல வீடுகளில் இரண்டையும் ஒன்றென்று எண்ணிப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

அந்த இரண்டாவது வகைக்கும் ஆயுள் குறைவு என்பதை வரலாறு காட்டுகிறது. 2008-இல் தோன்றிய கிளவுடெரா, 2011-இல் தோன்றிய ஹார்டன்வொர்க்ஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களின் ஹடூப் சான்றிதழ்களும் ஒருகாலத்தில் கொடிகட்டிப் பறந்தன. அவை தரமான தேர்வுகள். கிளவுடெராவின் ஸ்பார்க்-ஹடூப் தேர்வில் உண்மையான கணினித் தொகுப்பில் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் வேலைகளைச் செய்து காட்ட வேண்டியிருந்தது. 2019 ஜனவரியில் இரண்டு நிறுவனங்களும் இணைந்தன. ஹார்டன்வொர்க்ஸ் என்ற பெயரே மறைந்தது. அந்தத் தேர்வுகளும் இன்று நடைபெறுவதில்லை. மூன்றாவதாக இருந்த மேப்ஆர் நிறுவனத்தின் சொத்துகளை அதே ஆண்டில் ஹியூலட் பேக்கார்ட் எண்டர்பிரைஸ் வாங்கிக்கொண்டது. அமேசானின் தரவுப் பகுப்பாய்வுச் சிறப்புத் தேர்வு 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. மைக்ரோசாஃப்டின் டிபி-203 தேர்வு 2025 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. இப்போது நடக்கும் தேர்வுகளிலும் கூகுளின் தொழில்முறை நிலைச் சான்றிதழும் டேட்டாபிரிக்ஸ் சான்றிதழும் இரண்டு ஆண்டும், அமேசான் சான்றிதழ் மூன்று ஆண்டும் செல்லுபடியாகும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

அப்படியானால் சான்றிதழே வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். பெரிய கல்லூரிப் பெயர் இல்லாத பிள்ளைக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வர அது உதவுகிறது. பாடத்திட்டம் ஒன்றைக் கண்முன் வைத்து ஒழுங்காகப் படிக்கவும் உதவுகிறது. ஆனால் அது வாசல்வரைதான் கொண்டுவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை 2017-இல் வாங்கிய சான்றிதழின் நிறுவனமே இன்று இல்லை. ஆனால் அன்று தானே நிரல் எழுதிப் பழகியிருந்ததால், வேலை ஸ்பார்க்குக்கு மாறியபோது ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டான். அவனோடு படித்து, "டம்ப்" எனப்படும் கசிந்த கேள்வித்தாள்களை மனப்பாடம் செய்து தேறிய வேறு சிலர், முதல் நேர்முகத் தேர்வைக்கூடத் தாண்டவில்லை. அவ்வாறு தேறியது தெரிந்தால் சான்றிதழையே ரத்து செய்யும் விதியும் உண்டு.

நம் நகரத்தில் உள்ள வாய்ப்புகள்

இவ்விஷயத்தில் திருவனந்தபுரத்துப் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கிவைக்கப்பட்டது இந்நகரத்தில்தான். ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் வந்திருந்தார். கேரளப் பள்ளிகளில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், 2017-இல் அதன் வழிவந்த கைட் நிறுவனமும் லினக்ஸைப் பரப்பின. ஹடூப்பும் ஸ்பார்க்கும் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸில்தான். ஆகவே இங்கே அரசுப் பள்ளியில் படித்த நம் பிள்ளை முதல் படியை ஏற்கெனவே ஏறிவிட்டான் எனலாம்.

மேற்படிப்புக்கு 2000-இல் தோன்றிய ஐஐஐடிஎம்-கே நிறுவனம், 2020-இல் கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகமாக உயர்ந்துள்ளது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் பெருந்தரவுப் பகுப்பாய்வில் சுமார் ஆறு மாத முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. சி-கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எந்த ஊர் மையத்தில் எந்தப் பிரிவு என்பதை ஒவ்வொரு முறையும் அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பணம் கட்டுமுன் பயிற்சி நிலையத்தாரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். கடைசியில் கிடைப்பது யாருடைய சான்றிதழ்? அது எத்தனை ஆண்டு செல்லும்? தேர்வுக் கட்டணம் எவ்வளவு, பயிற்சிக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா? பிள்ளை தன் கையால் எத்தனை மணி நேரம் நிரல் எழுதுவான்? பெரிய நிறுவனங்களின் தேர்வுக் கட்டணம் பொதுவாக 150 முதல் 200 டாலர். வரி நீங்கலாக ஏறக்குறைய 13,000 முதல் 18,000 ரூபாய். இதை நேரடியாகவே கட்டலாம். மீதித்தொகை எதற்கு என்று அவர்கள் விளக்கட்டும். "நூறு சதவீதம் வேலை நிச்சயம்" என்று சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் லினக்ஸ் கட்டளைகள், பிறகு எஸ்க்யூஎல், பிறகு பைதான். இவை மூன்றும் எந்த நிறுவனம் மறைந்தாலும் மறையாதவை. நான்காவதாகச் சொந்த மடிக்கணினியில் ஸ்பார்க். இதற்கு ஐந்தாறு மாதம் ஒழுங்காகச் செலவிட்டால் பிள்ளைக்கு இதில் ஆர்வம் இருக்கிறதா என்பது வீட்டுக்கே தெரிந்துவிடும். ஆர்வம் இருந்தால் கடைசியாகத் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். நகை அடகுக் கடைக்குப் போவதற்குமுன் இந்த ஆறு மாதத்தைக் கொடுத்துப் பாருங்கள் என்பதே நம் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள்.

பெருந்தரவைக் கையாளத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் பெருகினால், அவர்கள் சம்பாத்தியத்தோடு மொழிக்கும் பயன் உண்டு. தமிழ் நூல்களின் சொல்லடைவுகளும் தொடரடைவுகளும் இனி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. மாநிலத்துக்கு வெளியே வாழும் நாம் அதற்குக் கைகொடுத்தால், அதுவும் தமிழ்ப்பணியே.