படலையடியில் கட்டிய நாய்

பம்பலப்பிட்டியில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் புகையிரதப் பாதைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று அது. 1997 ஆம் ஆண்டு அங்கே ஒரு வீட்டின் பின்புற அறையில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருந்தது. தகப்பன் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் செய்தவர். 1995 ஒக்டோபரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள் வன்னி, வவுனியா என்று அலைந்து கொழும்புக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் போனபோதுதான் இந்த நாயை நாம் கண்டோம்.

வீட்டுக்கார அம்மாவின் நாய், பெயர் டைகர். அல்சேஷன் கலப்பு. பகல் முழுவதும் கேற்றுக்கு அருகே நான்கடிச் சங்கிலியில் நிற்கும். பின் அறைக்குப் போவதானால் அதைக் கடந்துதான் போக வேண்டும். நாம் போன கிழமைக்கு முந்திய கிழமை, பாடசாலையால் ஓடி வந்த ஒன்பது வயது மகனின் கெண்டைக்காலை அது பிடித்துவிட்டது.

தாய் உடனே பிள்ளையைக் குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, நேரே அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றார். இதுதான் சரியான வழி. காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும். கோப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் அப்பக்கூடாது. விசர்நாய்க்கடிக்கான தடுப்பூசி அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசம். நோயின் குணங்குறிகள் தோன்றிய பின்னர் மருந்து கேட்காது.

பிள்ளையின் காயம் ஆறியது. ஆனால் வேறொரு சிக்கல் எழுந்தது. "நாயைக் கொல்ல என்னால முடியாது; பயமெண்டால் நீங்கள் வேற இடம் பாருங்கோ" என்று வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டார். கொழும்பில் அந்நாட்களில் இடம் மாறுவதென்றால் என்னவென்று எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. முற்பணம் தேட வேண்டும், பொலிஸ் பதிவை மறுபடி செய்ய வேண்டும், ஒவ்வொரு சோதனையிலும் கடிதத்தைக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டும். ஒரு நாயின் கோபத்தால் அந்தக் குடும்பம் மூன்றாவது தடவையாக இடம்பெயர வேண்டியிருந்தது. தகப்பன் ஒரு கொட்டனைத் தேடி எடுத்துக் கதவோரம் வைத்திருந்தார்.

அயலில் ஒரு முதியவர் இருந்தார். மலாய் இனத்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பொலிஸ் நாய்ப் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அப்பிரிவின் தலைமையகம் கண்டி அஸ்கிரியவில் இருக்கிறது. கொட்டனைக் கண்டதும் அவர் சொன்னது இது: "அடிக்க வேணாம் தம்பி. இது கோபம் இல்லை, பயம். ஓடுறதுக்கு இடம் இல்லாட்டி நாய் கடிக்கத்தான் செய்யும்."

முதலில் எமக்கு நம்பிக்கை வரவில்லை. பல்லைக் காட்டிப் பாயும் நாய்க்குப் பயமா? அவர் சங்கிலியைக் காட்டினார். பயந்த நாய் சாதாரணமாக விலகிப் போய்விடும். கட்டிய நாயால் விலக முடியாது. குரைத்துப் பார்க்கிறது; வந்தவர் தன் வேலையாகக் கடந்து போகிறார்; நான் குரைத்தபடியால்தான் போனார் என்று நாய் நினைக்கிறது. அடுத்த நாள் இன்னும் பலமாகக் குரைக்கிறது. இப்படி நாளாந்தம் நூறு பேரிடம் பழகிய பாடம் அது. குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பிக் கைநீட்டக் கூடாது என்றும் சொன்னார். உறுமல் ஓர் எச்சரிக்கை. உறுமியதற்காக அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. அதன் பின்னர் சத்தமில்லாமல் கடிக்கும்.

அவர் செய்த முதல் வேலை மிருக வைத்தியரைக் கூப்பிட்டது. டைகரின் காதில் பழைய புண் ஒன்று இருந்தது. நோவோடு இருக்கிற மிருகத்துக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. தடுப்பூசியும் போடப்பட்டது. பிறகு சங்கிலி கேற்றடியிலிருந்து கழற்றப்பட்டு, ஆட்களின் நடமாட்டம் தெரியாத பின்வளவில் நீண்ட கயிறாக மாற்றப்பட்டது. வாய்க்கூடை ஒன்றையும் பழக்கினார். அதற்குள் உணவை வைத்து, நாய் தானாக மூக்கை நுழைக்கும் வரை மூன்று நாள் பொறுத்திருந்தார்.

பின்னர்தான் பயிற்சி தொடங்கியது. பையனை ஒழுங்கையின் மறு கரையில், நாய் அவனைக் காணும் ஆனால் குரைக்காத தூரத்தில் நிறுத்தினார். முதல் நாள் அது ஏறக்குறைய நாற்பது அடி. பையன் நாயின் கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது, பக்கவாட்டாக நிற்க வேண்டும். பையன் தோன்றியதும் நாய்க்கு ஒரு துண்டு நெத்தலிக் கருவாடு. பையன் மறைந்ததும் கருவாடும் நின்றுவிடும். ஐந்து நிமிடம், அவ்வளவுதான். அடுத்த நாளும் அதேதான். நாய் குரைத்தால் அதட்டுவதில்லை. நாம் அவசரப்பட்டு விட்டோம் என்று சொல்லிப் பையனைப் பத்தடி பின்னால் அனுப்புவார். கேற்றின் கொண்டிச் சத்தத்துக்கும் அவ்வாறே: கொண்டி கிளிக் என்றால் கருவாடு.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. உணவு வருமுன் கேட்ட ஓசைக்கே நாயின் வாயூறியதை ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நூறாண்டுகளுக்கு முன்பே ஆய்வுகூடத்தில் காட்டினார். அங்கே ஓசையும் உணவும் இணைந்தன. இங்கே பையனும் கருவாடும் இணைந்தன. பயத்தின் இடத்தில் ஆசை வந்து அமர்கிறது. நாயை அடக்கி எசமான் யாரென்று காட்ட வேண்டும் என்ற பழைய கருத்தைப் பின்னாளைய ஆய்வுகள் கைவிட்டுள்ளன. 2009 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், வேண்டாத செயலுக்காக நாயை அடித்த அல்லது உதைத்த உரிமையாளர்களில் நூற்றுக்கு 43 பேர், நாய் பதிலுக்குச் சீறியதாகவோ கடிக்க வந்ததாகவோ கூறியிருந்தனர். 2021 இல் அந்நாட்டு மிருக நடத்தை வைத்தியர் சங்கம், வெகுமதி கொடுக்கும் முறையையே எல்லா நாய்களுக்கும் பயன்படுத்த வேண்டும் என அறிவித்தது. எமது காணிகளில் நிலக்கண்ணி தேடிய நாய்களையும் நினைத்துப் பார்க்கலாம். அத்தகைய நாய் வெடிமருந்தின் மணத்தை மோந்து அமைதியாக உட்காருவது அடிக்குப் பயந்து அல்ல, பிறகு கிடைக்கப்போகும் ஒரு பந்துக்காக.

ஆறாவது கிழமையில் பையன் பத்தடி தூரத்தில் நடந்து போனான். டைகர் வாலை ஆட்டிக்கொண்டு கருவாட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தது. மூன்றாம் மாதம் கயிற்றில் நின்றபடி அவன் கையை மோந்தது. ஆனாலும் பிள்ளையையும் நாயையும் தனியே விட அவர் கடைசி வரை சம்மதிக்கவில்லை. கருவாட்டுக்கு மறந்துவிட்டதென்று எண்ணாதீர்கள், பழைய பாடம் உள்ளே இருக்கும் என்பார். தபால்காரரைக் கண்டால் டைகர் பிறகும் குரைத்தது. அவருக்காக ஒருவரும் கருவாடு செலவழிக்கவில்லை!

அந்தத் தகப்பன் ஒருநாள் எம்மிடம் சொன்னார்: "நாங்கள் வெளிக்கிடேக்கை எங்கட நாயை அவிட்டு விட்டிட்டு வந்தனாங்கள். சந்தி மட்டும் பின்னாலை வந்தது." கொட்டனை அவர் எப்போது அடுப்புக்கு வைத்தார் என்பதை நாம் கேட்கவில்லை.

இந்த முறை எல்லா நாய்க்கும் பொருந்தாது. நல்ல நாய் ஒன்று திடீரெனக் குணம் மாறி, வீணீர் வடித்து, தள்ளாடி, கண்டதையெல்லாம் கடித்தால் அது பயிற்சிக்குரியதல்ல. கிட்டப் போகாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே அறிவியுங்கள். நோயின் அறிகுறி இல்லாத வீட்டு நாய் கடித்தால் அதைக் கொன்றுவிடாமல் கட்டிவைத்து இரண்டு கிழமை கவனிக்க வேண்டும். அதுவரை ஊசியைத் தள்ளிப்போடலாமா என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். 1973 இல் எமது நாட்டில் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருப்பது பெரும்பாலும் நாய்களுக்குப் போடப்பட்ட தடுப்பூசியாலும் மக்களுக்குக் கிடைத்த சிகிச்சையாலுமே.

ஊர் திரும்பிய குடும்பங்களும், இன்னும் உறவினர் வளவுகளில் இருக்கும் குடும்பங்களும் காவலுக்குக் குட்டி வளர்க்கிறார்கள். குட்டி பிறந்து மூன்றாம் கிழமை முதல் பதினான்காம் கிழமை வரையான காலமே அதன் குணம் உருவாகும் பருவம். அக்காலத்தில் அது பிள்ளைகள், முதியவர்கள், சைக்கிள், உழவு இயந்திரம், தொப்பி போட்டவர், குடை பிடித்தவர் எல்லோரையும் அமைதியாகக் காண வேண்டும். குட்டியைத் தாயிடமிருந்து எட்டுக் கிழமைக்கு முன் பிரிக்க வேண்டாம். காவல் நாய் கடுமையாக இருக்க வேண்டுமென்று இருட்டறையில் அடைத்து மிளகாய் கொடுத்து வளர்ப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறு வளர்ந்த நாய் கள்வனையும் கடிக்கும், வீட்டுப் பிள்ளையையும் கடிக்கும்.

பம்பலப்பிட்டிக் குடும்பம் மேலும் இரண்டு ஆண்டுகள் அதே அறையில் இருந்தது. பையன் பாடசாலையால் வந்து கொண்டியைத் தூக்கும்போது டைகர் பின்வளவில் எழுந்து நிற்கும். அவன் காற்சட்டைப் பையில் ஒரு கடதாசிச் சுருளில் நெத்தலி எப்போதும் இருந்தது. தாய்க்கு அதனால் ஒவ்வொரு நாளும் உடுப்புத் தோய்க்கிற வேலை.