திருத்தம் வந்தது, உங்கள் போனுக்கு வந்ததா?

2016 அக்டோபரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் சில வரிகள் திருத்தப்பட்டன. அதனால் அடைபட்ட பாதுகாப்பு ஓட்டை 2007-இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்தே திறந்து கிடந்தது. இணைய சர்வர்கள், ஆண்ட்ராய்டு போன்கள் என அந்தக் கெர்னல் ஓடிய இடமெல்லாம் அதுவும் இருந்தது. அதற்கு 'டர்ட்டி கவ்' என்று பெயர் வைத்தார்கள்.

ஒரே கோப்பைப் பல புரோகிராம்கள் படித்தால், மெமரியில் இருக்கும் ஒரே பிரதியைத்தான் கெர்னல் எல்லோருக்கும் காட்டும். ஒருவர் எழுத வந்தால் மட்டும் அவருக்கெனத் தனி நகல் எடுத்துத் தரும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் வாங்குவது மாதிரிதான். அதில் என்ன கிறுக்கினாலும் மூலப் பதிவேடு மாறாது. இந்த ஏற்பாட்டை ஏமாற்ற, தாக்குபவர் ஒரு பக்கம் எழுதிக்கொண்டே இருப்பார். மறுபக்கம், அந்த நகலைத் தூக்கி எறியச் சொல்லிக் கெர்னலை நச்சரித்துக்கொண்டே இருப்பார். நகல் தயார் என்று கெர்னல் குறித்துக்கொண்ட பின், எழுத்து விழுவதற்குள் நகல் காணாமல் போனால், எழுத்து மூலத்திலேயே விழும். ஓயாமல் முயன்றால் ஒருமுறை சிக்கிவிடும். அது போதும், படிக்க மட்டும் அனுமதி பெற்ற சாதாரணப் பயனர், கணினி முழுவதையும் ஆளும் ரூட் அதிகாரத்தைக் கைப்பற்றிவிடலாம்.

லினக்ஸை உருவாக்கியவரே அந்தப் பதிப்புக்கும் முன்பு, 2005-இலேயே இந்தக் குறையைச் சரிசெய்யப் பார்த்தார் என்பதுதான் வேதனை. ஒருவகை மெயின்ஃப்ரேம் கணினிகளில் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தம் விலக்கப்பட்டது. அன்று ஏட்டளவில் மட்டுமே சாத்தியமாகத் தெரிந்த ஆபத்து, பிற்பாடு கெர்னல் வளர வளர எளிதாகிவிட்டது. 2016-இல் தன் சர்வருக்கு வந்த போக்குவரத்தைப் பதிவு செய்து வைத்திருந்த ஒரு நிபுணர், அந்தப் பதிவுக்குள்ளேயே தாக்குதல் நிரலைக் கண்டெடுத்தார். காவல் இருந்தவர்களுக்கு முன்பே கள்வர்களுக்கு வழி தெரிந்திருக்கிறது.

பல சர்வர்களை நிர்வாகிகள் சீக்கிரமே சரிசெய்துகொண்டார்கள். என் கவலை போன்களைப் பற்றியது. ஆண்ட்ராய்டுக்கான திருத்தமும் 2016 முடிவதற்குள் தயாராகிவிட்டது. ஆனாலும் 2017 செப்டம்பரில் இதே ஓட்டை வழியாக நுழையும் தீநிரல் 1,200-க்கும் மேற்பட்ட ஆப்களில் ஒளிந்திருந்தது தெரியவந்தது. 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் அது பரவியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தார்கள். சீனாவில் அந்தத் தீநிரல் எஸ்எம்எஸ் வழியாகச் சிறுசிறு தொகையாகப் பணத்தைக் கறந்தது.

மருந்து தயாராகிப் பல மாதங்கள் கழிந்தும் நோயாளியின் கைக்கு வந்து சேரவில்லை. கெர்னலில் சேர்ந்த திருத்தத்தைப் போன் தயாரிப்பாளர் தன் மாடலுக்கு ஏற்ப மாற்றி, சோதித்து, அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் இதைச் செய்யச் செலவாகும் என்று அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் விற்கும்போது கேமராவின் மெகாபிக்சலைச் சொல்பவர்களில் பலர், பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம் நின்றுபோகும் என்று சொல்வதில்லை. இன்று அதே போனில்தான் வங்கிக் கணக்கும் ஓடிபியும் யுபிஐயும் இருக்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது: ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் அப்டேட் தர வேண்டும். இங்கேயும் அப்படி ஒரு கட்டாயம் வேண்டும். கடைசி அப்டேட் தேதியைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும். அதுவரை, போன் வாங்கும்போது கடைக்காரரிடம் அந்தத் தேதியைக் கேளுங்கள். கையிலிருக்கும் போனின் செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட் தேதியை இன்றே பாருங்கள். அது ஆண்டுக்கணக்கில் பழையதென்றால், அந்தப் போனில் பணப் பரிவர்த்தனை வேண்டாம்.