முள்ளந்தண்டை நிமிர்த்துமுன்

எமது முல்லைத்தீவிலிருந்து, முள்ளந்தண்டு வளைந்த பிள்ளையைச் சத்திரசிகிச்சைக்கெனக் கொழும்புக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், எக்ஸ்கதிர்ப் படங்களைப் பத்திரமாகக் கட்டியெடுப்பர். வீட்டிலே தாம் கண்டவற்றை வைத்தியருக்குச் சொல்லத்தான் மறந்துவிடுவர்.

வளைந்த தண்டை நிமிர்த்துங்கால் அதனுள்ளே ஓடும் முண்ணாண் இழுபடலாம். அதற்குக் குருதி ஊட்டும் நுண்குழாய்கள் நெரிபடலாம். அமெரிக்க வைத்தியர் ஹரிங்டன் உலோகக் கோல்கொண்டு நிமிர்த்தும் தமது முறையை 1962இல் விரித்தெழுதினார். சத்திரசிகிச்சையின் நடுவே நோயாளியைச் சற்றே விழிக்கச் செய்து, பாதங்களை அசைக்கச் சொல்லும் சோதனையைப் பிரெஞ்சு வைத்தியர் ஸ்தாக்னாராவும் தோழரும் 1973இல் வெளியிட்டனர். இன்று முண்ணாண் வழியே செல்லும் நரம்புச் சைகைகளை மின்கருவி இடையறாது கவனிக்கிறது. சைகை மங்கினால் வைத்தியர் இழுப்பைத் தளர்த்துவார், குருதியமுக்கத்தை உயர்த்துவார்.

வளைவு மிகப் பெரிதாயினும், கூன் சேர்ந்திருப்பினும், முண்ணாணில் முன்னரே கோளாறு இருப்பினும் ஆபத்து அதிகம். கோளாற்றின் குறி வீட்டிலேயே தென்படலாம்: இடுப்பின் நடுவே மயிர்க்கற்றை, ஒரு பாதம் சிறுத்தல், நடை தடுமாறல், படுக்கை நனைப்பதை விட்டிருந்த பிள்ளை மீண்டும் நனைத்தல். கடைசியதைத் தாய்மார் கூச்சத்தால் மறைப்பதை ஆசிரியராகிய நாமே கண்டதுண்டு. சொன்னாலன்றோ, முண்ணாணைக் காட்டும் காந்தப்படம் எடுத்துப் பார்க்க வைத்தியருக்குத் தோன்றும்!

சிகிச்சைக்குப் பின் முதலிரு நாட்களும் விழிப்பு வேண்டும். காலையில் அசைந்த பாதம் மாலையில் அசையாவிடினும், கால் விறைக்கிறதெனப் பிள்ளை முறையிட்டாலும், மயக்கமருந்தின் வேலையென்று விடியும்வரை பொறுத்திராமல் தாதியை அக்கணமே அழைத்தல் வேண்டும்.