பட்டிப்பூவுக்கு ஒரு பாத்தி

குளிர்நாட்டுத் தோட்டக்கலை நூல்களைப் படிப்போர் 'ஜெரேனியம்' என்னும் பூஞ்செடியின் பெருமையை அறிந்திருப்பர். ஒருமுறை நட்டுவிட்டால், உறைபனிக் காலத்தில் மண்ணுக்குள் ஒடுங்கியிருந்து, வசந்தத்தில் தானே தளிர்த்து ஆண்டுதோறும் பூக்கும். அதனை எங்கள் ஊரில் வளர்க்கலாமா என்று மாணவி ஒருத்தி அண்மையில் வினவினாள். மட்டக்களப்பு நகருக்கு வடக்கே 16 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வந்தாறுமூலையில் பனி ஏது? கச்சான் வீசும் மாதங்களில் முற்றத்து மணல் காலைச் சுடுகின்றது. மாரியிலோ அதே முற்றத்தில் நீர் தேங்குகின்றது.

ஆயினும் அவள் விரும்பிய குணங்களை உடைய செடியொன்று நம் வேலியோரத்திலேயே நிற்கின்றது. அதுதான் பட்டிப்பூ. தமிழகத்தார் இதனை நித்தியகல்யாணி என்பர். பெயருக்கேற்ப ஆண்டு முழுவதும் பூக்கும். ஆடுமாடுகள் பெரும்பாலும் இதிலே வாய் வைப்பதில்லை. சிங்கள மக்கள் இதற்கு இட்ட பெயர் 'மினீமல்', அஃதாவது பிணப்பூ. தாவரவியலார் வழங்கும் 'காதராந்தஸ்' என்ற பெயருக்கோ தூய மலர் என்பது பொருள்! இதன் தாயகம் மடகஸ்கார் தீவு என்றால் நம்மூர்ப் பெரியவர்கள் நம்பமாட்டார்கள்.

முற்றிய காய்களை வெடிக்குமுன் பறித்து உலர்த்தினால் கடுகிலும் சிறிய கரிய விதைகள் கிடைக்கும். மணலும் மக்கிய எருவும் கலந்த தட்டிலே அவற்றைத் தூவி, ஒளி படாதவாறு மெல்லிய மண்ணால் மூடவேண்டும்; இவ்விதை இருளிலேதான் நன்கு முளைக்கும். ஓரிரு வாரங்களில் முளை காணும். நாலைந்து இலை விட்டதும், வெயில் நன்றாக விழும் இடத்தில் ஓரடி இடைவெளியில் நடலாம். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். எருவை வாரி வழங்கினால் இலைதான் மிகும், பூ குறையும். தண்டு நீண்டு அடி வெறுமையானால் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுக.

இச்செடி வரட்சியை எளிதிற் பொறுக்கும். தேங்கிய நீரைப் பொறுக்காது. இதை நான் கற்றது நட்டப்பட்டுத்தான். சமதரையில் நட்டிருந்த செடிகள் யாவும், 2024 நவம்பர் இறுதியிற் பெய்த பெருமழையின் பின்னர், ஒரு வாரத்துள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தன. கிணற்றடிக்கு அப்பால், உடைந்த செங்கல் அடுக்கி முக்கால் அடி உயர்த்திய பாத்தியில் நின்றவை மட்டும் தப்பின. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உயர்ந்த பாத்திதான்.

அப்பாத்தியில் இலைகள் குறைந்துகொண்டே வந்தன. அயலிலுள்ள பெரியவர் ஒருவர் நாள்தோறும் பறித்து அவித்துக் குடிக்கிறார் என்று பின்னர் தெரிந்தது. "சீனி வியாதிக்கு நல்லதாம், மாஸ்டர். நாலு இலைதானே?" என்றார்.

அவர் நம்பியதையே கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்து விஞ்ஞானிகளும் ஒருகாலத்தில் ஆராய்ந்தனர். ஜமெய்க்காவில் நீரிழிவுக்கு இவ்விலைக் கஷாயம் குடிக்கிறார்கள் என்ற செய்தியோடு, 1952ஆம் ஆண்டில் சில இலைகள் அங்கு வந்துசேர்ந்தன. றொபேட் நோபிள் என்பார் இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குருதியிற் சீனி குறையவில்லை. ஊசிவழி ஏற்றியபோதோ வெண்குருதிக் கலங்கள் குறைந்து, நோய்க்கிருமி தொற்றி எலிகள் இறந்தன. வெண்கலங்களை இப்படி அழிக்கும் பொருள், அவை கட்டுக்கடங்காது பெருகும் புற்றுநோய்க்கு உதவாதோ? அவ்வழியே அவரும் சார்ள்ஸ் பியரும் பிரித்தெடுத்தது வின்பிளாஸ்டீன். அது 1958இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. இச்செடியிலிருந்தே பெற்ற வின்கிறிஸ்டீன், சிறுவரின் குருதிப் புற்றுநோய்க்கு இன்றும் இன்றியமையாத மருந்தாகும். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். அதனை வைத்தியர்கள் குருதியைச் சோதித்துச் சோதித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றுகின்றனர். நாமோ அளவின்றிக் குடத்தில் அவிக்கலாமா? குழந்தைகளும் இதன் இலை பூவை வாயில் வைக்காமற் பார்க்கவேண்டும். கிள்ளிய கையைக் கழுவுவது நன்று.

இவற்றையெல்லாம் பெரியவருக்கு எடுத்துச் சொன்னேன். முதலில் முகம் சுளித்தார். பின்பு இலை பறிப்பதை நிறுத்தி, ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகத் தொடங்கினார். சென்ற வாரம் வேலிக்கு அப்பால் நின்று, வெள்ளைப் பூச் செடியின் விதை சிறிது தரமுடியுமா என்று கேட்டார். மழை ஓய்ந்து தை பிறக்கட்டும், அதற்குள் பாத்தியை உயர்த்தி வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.